தாண்டிக்குடிப் பக்கம் சந்திரகிரி காபி: நட்டு ஐந்து வருஷம் ஆன பிறகு என் கணக்கு

பழனி மலையின் கீழ்ப்பகுதியில் காபி வைத்திருக்கிற யாரைப் பார்த்தாலும் ஒரே கேள்விதான். சந்திரகிரி என்கிற புது ரகம் போடலாமா, இல்லை பழைய ரகமான எஸ்.795-லேயே இருந்துவிடலாமா? நான் போட்டிருக்கிறேன். 2020 ஐப்பசி மழையில் ஒரு ஏக்கரில் நட்டேன், மூன்று அறுவடை எடுத்தாகிவிட்டது, பக்கத்திலேயே இரண்டு ஏக்கரில் அப்பா காலத்து எஸ்.795 இன்னும் நிற்கிறது, அதனால் ஒரே மண்ணில் ஒரே மழையில் இரண்டையும் பார்த்துச் சொல்ல முடிகிறது. முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இலைத் துரு என்கிற பூசண நோய்க்குப் பயந்து சந்திரகிரி போடுகிறீர்கள் என்றால் தாராளமாகப் போடுங்கள். தண்டைக் குடைகிற வண்டான தண்டுத் துளைப்பானுக்கு மருந்து என்று நினைத்துப் போடாதீர்கள். உரம் போட வசதி இல்லை, ஆள் இல்லை, செடி பாட்டுக்கு நிற்கட்டும் என்கிற தோட்டத்துக்கு இது வேண்டவே வேண்டாம். நாற்று எங்கே வாங்குகிறீர்கள் என்பது ரகத்தைவிட முக்கியம், அதற்கு நான் கொடுத்த விலையைக் கீழே எழுதியிருக்கிறேன்.

நான் ரகம் மாற்றியது ஆசைப்பட்டு இல்லை. 2018 நவம்பர் கஜா புயலைக் கடலோரம் எல்லாரும் நினைவில் வைத்திருக்கிறார்கள், அது திண்டுக்கல் வழியாக எங்கள் மலையில் ஏறி இறங்கியதை வெளியே அவ்வளவாகப் பேசுவதில்லை. வேதாரண்யம் பக்கம் கரையைத் தொட்ட காற்று விடிந்து எங்களிடம் வந்தபோதும் அதற்குப் பலம் குறையவில்லை. எங்கள் மேல் ஏக்கரில் நிழலுக்கு நின்ற சில்வர் ஓக் மரங்களில் பாதிக்கு மேல் முறிந்தன, முறிந்தவை காபிச் செடிகள் மேலேயே விழுந்தன. ஆனால் விழுந்த அன்று ஆன சேதம் சின்னது. அடுத்த வருஷம் சித்திரை வெயில் நேராகத் தண்டில் அடிக்க ஆரம்பித்ததும் வெள்ளைத் தண்டுத் துளைப்பான் வந்தது. வண்டு கறுப்பு உடம்பில் வெள்ளைக் கோடு போட்டு இருக்கும், ஏப்ரல் மே மாதத்திலும் பிறகு அக்டோபரிலிருந்து டிசம்பர் வரையிலும் பறக்கும், வெயில் படுகிற தண்டாகப் பார்த்துப் பட்டை வெடிப்பில் முட்டை வைக்கும். புழு உள்ளே போய்விட்டால் மேலே ஒன்றும் தெரியாது. இலை கொஞ்சம் மஞ்சள் அடிக்கும், தண்டில் விரல் வைத்துத் தடவினால் பட்டைக்கு அடியில் மேடு மேடாக மோதிரம் போட்டது மாதிரி தட்டுப்படும். அப்படி ஒரு செடியை நான் தோளால் தள்ளினேன், இருபது வயசுச் செடி, பட்டென்று முழங்கால் உயரத்தில் ஒடிந்தது. பிளந்து பார்த்தால் உள்ளே சுரங்கம், சுரங்கம் முழுக்க மரத்தூளை இடித்து அடைத்து வைத்த மாதிரி இறுக்கமாக, கடைசியில் விரல் நகம் அளவு மஞ்சள் வெள்ளைப் புழு ஒன்று. இவ்வளவு சின்னதுக்கு அவ்வளவு பெரிய செடியா என்று அப்பா அங்கேயே உட்கார்ந்துவிட்டார்.

அந்த ஏக்கரில் பிடுங்கி எரித்ததுபோக மிஞ்சியது சொற்பம். சரி, முழுக்க எடுத்துவிட்டுப் புதிதாக நடுவோம் என்றபோது எந்த ரகம் என்ற பேச்சு வந்தது.

இங்கே கொஞ்சம் பழைய கதை சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் சந்திரகிரி எதற்காக வந்தது என்பது புரியாது. இந்த இரண்டு ரகமும் அராபிகா என்ற காபி இனம், அதற்கு நல்ல வாசனை உண்டு, ஆனால் உடம்பு பலவீனம். உலகம் முழுக்க இருக்கிற அராபிகா கிட்டத்தட்ட ஒரே குடும்பம், தன் பூவின் மகரந்தத்திலேயே காய்க்கிற செடி, அதனால் புது ரத்தம் கலப்பது அபூர்வம், ஒரு செடிக்குத் தாங்காத நோய் எல்லாச் செடிக்கும் தாங்காது. 1869-ல் இலங்கையில் இலைத் துரு வந்து அங்கே காபியே இல்லாமல் போய்த் தேயிலை வந்த கதை எல்லாருக்கும் தெரியும். அடுத்து நம் பக்கமும் வந்தது. அதைச் சமாளிக்கக் கர்நாடகாவில் பாலெஹொன்னூரில் 1925-ல் தொடங்கிய காபி ஆராய்ச்சி நிலையத்தில் பல வருஷம் உழைத்து எடுத்ததுதான் எஸ்.795. அராபிகாவும் லைபீரிகா என்ற இன்னொரு காபி இனமும் தானாகக் கலந்த ஒரு செடியின் வழி வந்ததை எடுத்துக் கென்ட் என்ற ரகத்தோடு சேர்த்தார்கள். 1940-களில் வெளிவந்த ரகம் இன்று வரை தோட்டத்தில் நிற்கிறது என்றால் அதை எடுத்தவர்களைக் கும்பிடத்தான் வேண்டும். ஆனால் பூசணமும் சும்மா இருக்கவில்லை. துருப் பூசணத்தில் ஐம்பதுக்கு மேல் வகை இருக்கிறது, ஒரு ரகத்தின் எதிர்ப்பை உடைக்கிற வகை எப்போதாவது ஒருநாள் வந்துவிடுகிறது. எஸ்.795-ல் இப்போது மருந்தடிக்காவிட்டால் ஐப்பசி மழை முடிந்ததும் இலையைத் திருப்பிப் பாருங்கள், அடியில் ஆரஞ்சு நிறத்தில் மாவு தூவினது மாதிரி இருக்கும், தொட்டால் மஞ்சள்தூள் மாதிரி விரலில் ஒட்டும். நான் சின்ன வயசில் அந்தப் பொடியைச் சட்டையில் பூசிக்கொண்டு வீட்டுக்கு வந்தால் அம்மா குளித்துவிட்டு உள்ளே வா என்பார்.

1980-களில் காவேரி என்று ஒரு குட்டை ரகம் வந்தது. எங்கள் பக்கம் பெரியப்பா போட்டார், முதல் சில வருஷம் காய் கொத்துக் கொத்தாக, துருவே இல்லை, ஊரே போய்ப் பார்த்தது. பிறகு அதன் எதிர்ப்பும் உடைந்தது, இப்போது அங்கே ஆரஞ்சு மரம் நிற்கிறது. சந்திரகிரி 2007-ல் காபி வாரியம் வெளியிட்டது. கோஸ்டா ரிகா நாட்டில் கிடைத்த வில்லா சார்ச்சி என்ற குட்டை அராபிகாவும், திமோர் தீவில் 1920-களில் கண்டெடுத்த ஒரு கலப்புச் செடியும் சேர்ந்த வழி இது. அந்தத் திமோர் செடி அராபிகாவும் ரோபஸ்டா என்ற வேறொரு காபி இனமும் மனுஷர் கை படாமல் தானாகக் கலந்து உண்டானது, ரோபஸ்டாவின் முரட்டு உடம்பு அதற்கு வந்துவிட்டது. இன்று உலகத்தில் துருவைத் தாங்குகிற குட்டை அராபிகா ரகங்களில் பெரும்பாலானவற்றுக்கு அந்த ஒரு செடிதான் பாட்டி. எங்கோ ஒரு தீவில் யாரோ ஒருவர் இந்தச் செடி மட்டும் துரு பிடிக்காமல் நிற்கிறதே என்று கவனித்ததால் இன்று தாண்டிக்குடியில் என் செடி பச்சையாக நிற்கிறது, அதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனசு நிறைந்துபோகும்.

இப்போது நாற்று விஷயம். 2019 ஐப்பசியில் இடைவெளியில் நடுவதற்கு 300 நாற்று அவசரமாகத் தேவைப்பட்டது. கீழே ஒரு தனியார் நர்சரியில் சந்திரகிரி என்று சொல்லிக் கொடுத்தார்கள். பை நிறைய மண், இலை தடிப்பு, பார்க்க நன்றாகவே இருந்தது. நானும் அப்பாவும் ஜீப்பில் ஏற்றி வந்து நட்டோம். இரண்டரை வருஷத்தில் வித்தியாசம் தெரிய ஆரம்பித்தது. சந்திரகிரி குட்டை, கணுவுக்குக் கணு நெருக்கமாக, குடை கவிழ்த்தது மாதிரி அடிவரை கிளை மூடியிருக்கும். நான் வாங்கியதில் மூன்றில் ஒரு பங்கு விறுவிறுவென்று என் தலைக்கு மேல் போனது. கணு தூரம் தூரமாக, கிளை ஒல்லியாக. இன்னும் சில செடி குட்டையாகவே இருந்தது, ஆனால் துரு அப்பிக்கொண்டது, அது காவேரியா வேறு ஏதுமா என்று கடவுளுக்குத்தான் வெளிச்சம். கேட்கப் போனால் விதை வெளியிலிருந்து வாங்கினோம் என்றார்கள், அதோடு சரி. காபி நாற்று ஒன்று ஏமாற்றினால் மூன்று வருஷம் கழித்துத்தான் தெரியும், அதற்குள் நட்ட கூலி, உரம், தண்ணீர், களை வெட்டு எல்லாம் போய்விடும். இது எனக்கு இன்னும் ஆறவில்லை.

காரணம் என்னவென்றால் அராபிகா தன் மகரந்தத்தில் காய்த்தாலும் தேனீ புகுந்து கொஞ்சம் கலப்பு ஆகத்தான் செய்யும். நாலைந்து ரகம் கலந்து நிற்கிற தோட்டத்தில் பழுத்த பழத்தைப் பறித்து விதையாக்கினால் பத்தில் ஒன்றாவது வேறாகப் போக வாய்ப்பு உண்டு. பறிக்கிறவர் எந்தச் செடி என்று பார்க்காமல் கூடையில் போட்டால் கேட்கவே வேண்டாம். ஆராய்ச்சி நிலையத்தில் விதைக்கென்றே தனியாக வைத்திருக்கிற செடியிலிருந்து வருகிற விதைக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் அங்கேதான். தாண்டிக்குடியிலேயே காபி வாரியத்தின் மண்டல ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, வாசலில் வைத்துக்கொண்டு நான் கீழே போய் வாங்கினேன்.

நல்லவேளையாக, இது தெரியவருவதற்கு முன்பே, அந்த ஏக்கருக்கு 2020 தையில் வாரிய விதை அரைக் கிலோ வாங்கி நானே நாற்று விட்டேன். காபி விதைக்கு ஆயுசு குறைவு, சில மாதத்தில் முளைப்புத் திறன் போய்விடும், கிடைத்த வாரத்திலேயே பாத்தியில் போட்டுவிட வேண்டும். தட்டையான பக்கம் கீழே வைத்து, லேசாக மண் தூவி, மேலே வைக்கோல். ஒன்றரை மாதத்தில் மண்ணைக் கீறிக்கொண்டு தண்டு நிமிரும், விதை அதன் தலையில் தொப்பி மாதிரி உட்கார்ந்திருக்கும், எங்கள் பக்கம் டோப்பி என்போம். பிறகு தொப்பி கழன்று இரண்டு வட்ட இலை விரியும், அது பட்டாம்பூச்சி. டோப்பியிலேயோ பட்டாம்பூச்சியிலேயோ பைக்கு மாற்ற வேண்டும், மாற்றும்போது ஆணிவேர் மடங்கினால் அந்தச் செடி பத்து வருஷம் கழித்தும் நொண்டும், அதனால் வளைந்த வேர் எதையும் இரக்கம் பார்க்காமல் தூக்கிப் போட்டேன். பைக்கு மண் ஆறு பங்கு, மக்கிய சாணம் இரண்டு பங்கு, மணல் ஒரு பங்கு. ஊரடங்கு வந்த மாதம் அது, ஆள் யாரும் வரமுடியாது, வீட்டிலுள்ள நாலு பேரும் சேர்ந்து பை நிரப்பினோம், அந்த வேலை இல்லாவிட்டால் அந்தப் பங்குனியை எப்படித் தள்ளியிருப்போமோ தெரியாது. கடைசியில் கைக்கு வந்தது 1,600 நாற்றுக்குக் கொஞ்சம் மேலே. ஆறடிக்கு ஐந்தடி இடைவெளியில் ஏக்கருக்கு 1,400 சொச்சம், மீதி பட்டுப்போனதற்கு மாற்று.

நிழலுக்கு முள்முருங்கைப் போத்து நட்டேன், சீக்கிரம் வேர் பிடிக்கும். இடையில் மலைவாழை, நிரந்தரத்துக்குப் பலா, பட்டர் ஃபுரூட், பழைய சில்வர் ஓக் மிஞ்சியது. ஒரே மரமாக வைத்தால் ஒரே காற்றில் போகும் என்பதைக் கஜா சொல்லிக் கொடுத்தாயிற்று.

இனி செடி. முதல் இரண்டு வருஷத்தில் இதைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. இலை அகலமாக, தடிப்பாக, கரும்பச்சையாக. பக்கத்து எஸ்.795 நாற்று இரண்டு முழம் வளர்கிற நேரத்தில் இது ஒரு முழம் வளர்ந்து அகலத்தில் விரிந்துவிடுகிறது, செடிக்கு அடியில் களையும் குறைவு. 2023 பங்குனியில், நட்டு இரண்டரை வருஷத்தில், முதல் பூ. மழை பெய்து எட்டாம் நாளோ ஒன்பதாம் நாளோ காலையில் கதவைத் திறந்தால் மல்லிகை வாசனை மாதிரி மூக்கில் வந்து மோதும், அதைக் காபி வைத்திருப்பவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. எஸ்.795 இந்தக் காய்ப்புக்கு வர இன்னும் ஒரு வருஷமோ ஒன்றரை வருஷமோ எடுக்கும்.

துரு விஷயத்தில் இதுவரை வாக்குத் தவறவில்லை. ஒவ்வொரு வருஷமும் மார்கழியில் நான் இரண்டு ரகத்திலும் வரிசைக்குப் பத்துச் செடி, செடிக்குப் பத்து இலை திருப்பிப் பார்ப்பேன். எஸ்.795-ல் மருந்தடித்தும் எங்கேயாவது பொடி கையில் ஒட்டும். சந்திரகிரியில் முதல் மூன்று வருஷம் ஒரு இலைகூட இல்லை. நாலாம் வருஷம் ஓடைப் பக்கம், ஈரம் அதிகமாக நிற்கிற மூலையில், அடிக்கிளையில் சில இலையில் சின்னச் சின்ன மஞ்சள் பொட்டு, பரவவில்லை, உதிரவுமில்லை. இதை மறைக்காமல் சொல்கிறேன், ஏனென்றால் காவேரியும் இப்படித்தான் ஆரம்பித்தது என்று பெரியப்பா சொன்னார். அதனால் நான் மருந்தை அடியோடு நிறுத்தவில்லை, ஒரு தடவையாகக் குறைத்தேன். எஸ்.795-க்கு வருஷம் இரண்டு தடவை போர்டோ கலவை. 200 லிட்டர் பீப்பாய்க்கு ஒரு கிலோ மயில்துத்தம், அதற்கு ஏற்ற சுண்ணாம்பு. துத்தக் கரைசலைச் சுண்ணாம்புக் கரைசலில் ஊற்ற வேண்டும், கலந்தபின் துரு இல்லாமல் தேய்த்த சாதாரண இரும்புக் கத்தியை முக்கி எடுத்தால் செம்பு நிறம் ஏறக்கூடாது, ஏறினால் சுண்ணாம்பு பற்றவில்லை என்று அர்த்தம், இலை கருகும். இந்த ஒரு தடவை மிச்சமானது ஏக்கருக்கு இரண்டு நாள் கூலி, மருந்து, தண்ணீர் சுமக்கிற பாடு எல்லாவற்றையும் சேர்த்தது. வருஷா வருஷம் மண்ணில் இறங்குகிற செம்பும் குறைகிறது.

அப்புறம் பறிப்பு. எங்கள் தோட்டத்தில் முப்பது வருஷமாகப் பழம் எடுக்கிற பெரியம்மா ஒருவர் முதல் நாளே சொல்லிவிட்டார்: “இதுல குனிஞ்சு நிமுந்தாப் போதும் தம்பி, கெளையப் புடிச்சு இழுத்து மல்லுக்கட்டுற வேலையே இல்ல.” எஸ்.795-ல் ஒரு ஆள் எடுப்பதைவிட இதில் கூடையில் கால் பங்காவது கூடுதலாக விழுகிறது. பறிக்க ஆள் கிடைக்காத இந்தக் காலத்தில் இது சாதாரண விஷயம் இல்லை.

இனி எனக்கு வலித்த இடம். 2024 பங்குனியில் மொட்டை மலர்த்துகிற பூ மழை சரியாகப் பெய்தது, அதற்குப் பின்னால் வர வேண்டிய மழையும் வந்தது. ஒவ்வொரு கிளையிலும் கணுக் கணுவாகக் காய், இலை தெரியாத அளவுக்கு. நான் பூரித்துப்போய் எல்லாருக்கும் போட்டோ அனுப்பினேன். உரம் மட்டும் எஸ்.795-க்குப் போடுகிற அளவே போட்டேன். ஆவணி புரட்டாசியில் காய் பருக்கிற நேரத்தில் கிளை நுனி காய ஆரம்பித்தது. முதலில் துருவோ என்று பயந்தேன், இலையைத் திருப்பினால் சுத்தமாக இருக்கிறது. ஆராய்ச்சி நிலையத்தில் ஒரு கிளையைக் கொண்டுபோய்க் காட்டியபோதுதான் விளங்கியது. காய் தனக்கு வேண்டிய மாவுச்சத்தை இலையிடமிருந்து எடுக்கும், இலை பற்றாவிட்டால் கிளையிடமிருந்து, கடைசியில் வேரிடமிருந்து உறிஞ்சும், செடி தன்னையே தின்று காயைக் காப்பாற்றும். குட்டை ரகம் எல்லாவற்றிலும் இந்தக் குணம் உண்டு. அந்த அறுவடை எனக்கு எஸ்.795-ன் நல்ல வருஷத்தைப்போல ஒன்றரை மடங்கு, 2024-25-ல் அராபிகா விலையும் உச்சத்துக்கு ஏறியிருந்தது, பணம் பார்த்தது உண்மை. ஆனால் தை முடிந்து பார்த்தால் கிட்டத்தட்ட 200 செடி குச்சியாக நின்றது. காய்ந்த கிளையை எல்லாம் கவாத்து பண்ணி, தொழு உரம் செடிக்கு ஒரு கூடை போட்டு, தழைச்சத்தும் சாம்பல்சத்தும் மூன்று தவணையாகப் பிரித்துக் கொடுத்து, மண் புளிப்புக்குச் சுண்ணாம்பும் போட்டு மீட்டேன். 40 செடி மீளவில்லை. அடுத்த அறுவடை முந்தையதில் பாதிதான்.

ஆகவே அதிக விளைச்சல் ரகம் என்று எழுதியிருப்பதைப் படிக்கும்போது கூடவே அதிகச் சாப்பாடு என்றும் படித்துக்கொள்ளுங்கள். எஸ்.795 பட்டினி கிடந்தால் காயைக் குறைத்துக்கொண்டு உயிர் பிழைக்கும். சந்திரகிரிக்கு அந்தத் தெளிவு இல்லை. முதல் பெருங்காய்ப்பு வருகிற வருஷம் மே மாதத்திலேயே கிளைக்கு எத்தனை கணுவில் காய் என்று பாருங்கள், உள்ளே நெருங்கிய சிம்புகளை ஒடித்துவிடுங்கள், உரத்தை முன்கூட்டியே வாங்கி வையுங்கள். நிழலையும் ரொம்ப எடுத்துவிடாதீர்கள். வெயில் கூடினால் பூ கூடும், பூ கூடினால் மறுபடி இதே கதை.

துளைப்பானைப் பற்றி ஒரே வார்த்தை: இந்த ரகம் அதற்குத் தாங்காது. கிளை அடிவரை மூடுவதால் தண்டில் வெயில் குறைவாகப் படுகிறது, அந்த அளவுக்கு உதவி. இதுவரை 11 செடி பிடுங்கியிருக்கிறேன். வண்டு பறக்கிற மாதத்துக்கு முன்னால் தேங்காய் நாரால் தண்டைத் தேய்த்து விடுவதும், சுண்ணாம்பு பூசுவதும், மேடு தட்டுப்பட்ட செடியைத் தயங்காமல் வேரோடு எடுத்து எரிப்பதும் இதிலும் விடாமல் நடக்க வேண்டும்.

மாறிவரும் மழைக்கு இது தாங்குமா என்று பலர் கேட்கிறார்கள். 2050-க்குள் உலகத்தில் காபி விளைய ஏற்ற நிலம் பாதியாகக் குறையலாம் என்று 2015-ல் வந்த ஒரு ஆய்வு சொன்னது, அதைப் படித்துவிட்டு இரண்டு நாள் எனக்குத் தூக்கம் வரவில்லை. அராபிகாவுக்கு 15-லிருந்து 25 டிகிரிக்குள் இருந்தால்தான் சந்தோஷம். எங்கள் பக்கம் பிரச்சினை வெறும் சூடு மட்டுமில்லை, மழை நாள் மாறுவதுதான். மாசியிலேயே ஒரு சின்னத் தூறல் விழுந்து மொட்டைப் பாதி எழுப்பிவிட்டுப் போய்விடும், அந்த மொட்டு ரோஸ் நிறத்தில் அப்படியே காய்ந்து போகும். இல்லை, மூன்று தவணையாகப் பூத்து, ஒரே கிளையில் பச்சையும் செங்காயும் பழமும் ஒன்றாக நிற்கும், மூன்று தடவை ஆள் விட்டுப் பறிக்க வேண்டும். கார்த்திகையில் பழம் சிவந்து நிற்கும்போது வாரக்கணக்கில் அடைமழை பிடித்தால் பழம் வெடித்துத் தரையில் விழும். இது எதையும் சந்திரகிரி மாற்றாது. பூ மழை தப்பினால் இதுவும் பூக்காது. ஆனால் சூடும் ஈரமும் கூடினால் முதலில் கூடுவது துருதான், அந்த ஒரு கதவை இது அடைக்கிறது. இலை உதிராத செடி வறட்சியிலும் கொஞ்சம் தாக்குப் பிடிக்கிறது. 2023 சித்திரையில் நான் பார்த்ததும் அதுதான்: எஸ்.795 துருவில் பாதி இலை கொட்டி வெயிலில் மொட்டையாக நின்றபோது இது முழு இலையோடு நின்றது.

அடுத்த கட்ட வேலை ஆராய்ச்சி நிலையங்களில் நடக்கிறது. எஸ்.795-க்கு லைபீரிகா வழியாக வந்த எதிர்ப்பு மரபணுவையும் திமோர் செடி வழியாக வந்தவற்றையும் ஒரே செடியில் அடுக்கினால் பூசணத்துக்கு ஒரு பூட்டு இல்லை, இரண்டு மூன்று பூட்டை ஒன்றாக உடைக்க வேண்டியிருக்கும். எந்த நாற்றில் எந்த மரபணு இருக்கிறது என்று இலையைக் கிள்ளி எடுத்துப் பரிசோதனையில் பார்த்துவிடலாம் என்பதால் ஒவ்வொரு தலைமுறைக்கும் பல வருஷம் காத்திருக்க வேண்டியதில்லை. காபியில் ஒரு ரகம் எடுக்க இருபது முப்பது வருஷம் ஆகிற இடத்தில் இது பெரிய காரியம். அந்த வேலைக்கு அரசு இன்னும் தாராளமாகப் பணம் ஒதுக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம், ஏனென்றால் அந்த விதை வராவிட்டால் இந்த மலையில் காபி எடுத்த இடம் எல்லாம் வேறு எதற்கோ போய்விடும், நிழல் மரமும் கூடவே போகும்.

குடிப்பதற்கு எப்படி என்று கேட்காமல் விடமாட்டீர்கள். பழுத்ததாகப் பொறுக்கி எடுத்து, மிதவையை நீக்கி, பல்ப்பரில் தோல் உரித்து, ஊறவைத்துக் கழுவி, நிழலில் ஆரம்பித்துப் பிறகு வெயிலில் காயவைத்து, இரண்டு ரகத்தையும் தனித்தனியாக இரும்பு வாணலியில் வறுத்து, சிக்கரி சேர்க்காமல் ஃபில்டரில் இறக்கினேன். எஸ்.795-ல் ஒரு மென்மை இருக்கிறது, ஆறினபிறகும் நாக்கில் ஒரு லேசான பழ வாசனை நிற்கும். சந்திரகிரி கொஞ்சம் திடம், பால் சேர்த்தால் நன்றாக எடுபடும், வெறும் டிக்காஷனாகக் குடித்தால் எஸ்.795-க்கு அரை மார்க் குறைவு என்பேன். வீட்டில் அம்மா கண்ணை மூடிக்கொண்டு சந்திரகிரிதான் நல்லது என்றார். பருப்பு பெரிசு, பட்டிவீரன்பட்டியில் தரம் பிரித்தபோது பெரிய பருப்பு இதில்தான் கூடுதலாக வந்தது, வாங்குகிறவர் அதைப் பார்த்துத்தான் விலை சொல்கிறார்.

மதிப்பெண் கேட்டால் துருவுக்கு ஐந்துக்கு ஐந்து, காய்ப்புக்கு நாலரை, பறிப்பு வசதிக்கு ஐந்து, தாங்கும் சக்திக்கு மூன்று, ருசிக்கு நாலு. மொத்தத்தில் நாலு. கையில் ஒரு ஏக்கர் இருந்தால் முக்கால் ஏக்கர் போடுங்கள், முழுசும் போடாதீர்கள், எஸ்.795 கொஞ்சமாவது இருக்கட்டும். நாற்றாக வாங்குவதென்றால் விதை எங்கிருந்து வந்தது என்பதற்கு ரசீது காட்டச் சொல்லுங்கள், காட்ட மறுத்தால் வண்டியைத் திருப்பிவிடுங்கள். விதையாக வாங்குவதென்றால் அறுவடைக்கு முன்பே எழுதிக் கொடுத்து வையுங்கள், கடைசி நேரத்தில் போனால் கிடைப்பது கஷ்டம்.

நான் மறுபடி விதை வாங்கிவிட்டேன். அந்த 40 செடி போன இடத்துக்கும், 2019-ல் வாங்கிய கலப்பு நாற்றைப் பிடுங்கப்போகிற இடத்துக்கும் கால் கிலோ சந்திரகிரி, கூடவே கால் கிலோ எஸ்.795. தை மூன்றாம் வாரம் பாத்தியில் போட்டது, ரகத்துக்கு ஒரு பாத்தி, நடுவில் மூங்கில் தப்பை வைத்து ரகத்தின் பேரைப் பெயிண்டில் எழுதியிருக்கிறேன். நேற்று சாயங்காலம் வைக்கோலை விலக்கிப் பார்த்தேன், சந்திரகிரிப் பாத்தியில் ஓரத்து வரிசை மட்டும் தொப்பி தூக்கியிருக்கிறது, எஸ்.795 இன்னும் நாலைந்து நாள் எடுக்கும்போல.